குழந்தைகள் உயிரை காக்கும் வைட்டமின்-ஏ: இத்தாலி மாநாட்டுக்கு போன திருச்சி கிராமத்து கணக்கு

"நர்சம்மா வந்திருக்காங்க, பிள்ளையை தூக்கிட்டு வாங்க" என்று அங்கன்வாடியில் இருந்து ஆள் வந்து கூப்பிட்டால் பல தாய்மார்கள் கேட்கும் கேள்வி இதுதான்: "போலியோ சொட்டு மருந்துதான் போட்டாச்சே, இது வேற எதுக்கு?"

கரண்டியில் ஊற்றி கொடுக்கும் அந்த எண்ணெய் போன்ற திரவம் வைட்டமின்-ஏ. அது கண்ணுக்கு நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது குழந்தையின் உயிரையே காக்கக்கூடியது. அதை உலகத்துக்கு நிரூபித்து காட்டியதில் நம்ம திருச்சி மாவட்ட கிராமங்களுக்கு பெரிய பங்கு உண்டு.

ஏரிக்கரையில் மாநாடு

1992-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். இத்தாலி நாட்டில் கோமோ ஏரிக்கரையில் உள்ள பெல்லாஜியோ என்ற ஊரில் விஞ்ஞானிகள் கூடினார்கள். மாநாட்டின் முன் இருந்த முக்கிய கேள்வி ஒன்றுதான். வைட்டமின்-ஏ கொடுத்தால் குழந்தைகள் சாவு குறையுமா, குறையாதா?

இந்த விவாதத்தை தொடங்கி வைத்தவர் அமெரிக்க கண் டாக்டர் ஆல்பிரட் சோமர். இந்தோனேசியாவில் மாலைக்கண் நோய் பற்றி ஆராய்ந்தபோது, லேசான கண் பாதிப்பு உள்ள குழந்தைகள் மற்ற குழந்தைகளைவிட சராசரியாக 4 மடங்கு அதிகம் இறப்பதை அவர் கவனித்தார். இதை 1983-ல் வெளியிட்டார். 1986-ல் அங்குள்ள ஆச்சே பகுதியில் வைட்டமின்-ஏ கொடுத்த கிராமங்களில் சாவு 34 சதவீதம் குறைவு என்றும் அறிவித்தார்.

பலர் இதை நம்பவில்லை. "மருந்து கொடுக்காத கிராமங்களுக்கு டம்மி மருந்துகூட கொடுக்கவில்லையே, இதை எப்படி ஏற்பது?" என்று கேட்டனர்.

திருச்சியில் என்ன நடந்தது?

இந்த கேள்விக்கு பதில் சொன்னது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை சேர்ந்த டாக்டர் ரஹமத்துல்லா குழுவினரின் ஆய்வு. திருச்சி மாவட்டத்தில் பள்ளி வயதை எட்டாத 15 ஆயிரத்து 419 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சுகாதார தொண்டர்கள் ஓராண்டு முழுக்க வாரம் தவறாமல் வீடு வீடாக போய் மருந்து கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு 8 ஆயிரத்து 333 யூனிட் வைட்டமின்-ஏ, கூடவே கொஞ்சம் வைட்டமின்-இ. மற்ற பிரிவுக்கு வைட்டமின்-இ மட்டும். யாருக்கு எது போகிறது என்பது கொடுத்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது.

1990-ல் முடிவு வெளியானபோது உலகமே திரும்பி பார்த்தது. வைட்டமின்-ஏ வாங்கிய குழந்தைகளிடம் சாவு 54 சதவீதம் குறைவு! 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், சத்து குறைவால் வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கும் பலன் அதிகம். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்த அளவு வைட்டமின் சாதாரண சாப்பாட்டிலேயே கிடைக்கக்கூடியது.

ஆனால் அதே 1990-ல் வெளியான ஐதராபாத் ஆய்வில் 6 மாதத்துக்கு ஒருமுறை கொடுத்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சூடான் நாட்டு ஆய்விலும் அப்படியே. இந்த கணக்குகளை எல்லாம் பெல்லாஜியோவில் ஒன்றாக வைத்து அலசினார்கள். பற்றாக்குறை உள்ள இடங்களில் வைட்டமின்-ஏ சாவை குறைக்கும் என்ற முடிவுக்கு வந்தார்கள். மறு ஆண்டு 8 ஆய்வுகளை சேர்த்து போட்ட கணக்கில் சராசரி குறைவு 23 சதவீதம் என்று தெரியவந்தது.

உடம்புக்குள் என்ன செய்கிறது?

வைட்டமின்-ஏ உடம்பில் பல வடிவம் எடுக்கிறது. ரெட்டினால் என்ற வடிவம் கண்ணில் மங்கலான வெளிச்சத்தை உணர உதவுகிறது. இது குறைந்தால் பொழுது சாய்ந்ததும் குழந்தை தட்டுத்தடுமாறும். அதுதான் மாலைக்கண். ரெட்டினாயிக் அமிலம் என்ற வடிவம் செல்களுக்குள் போய் மரபணுக்களுக்கு கட்டளை போடுகிறது. குடல், நுரையீரல் உள்தோல் கெட்டியாக இருக்கவும், நோய் எதிர்ப்பு சக்திக்கும் இது வேண்டும். இது இல்லாவிட்டால் சாதாரண வயிற்றுப்போக்கும், தட்டம்மையும் உயிரை பறித்துவிடும். அதனால்தான் மணல்வாரி அம்மை கண்ட குழந்தைக்கு அடுத்தடுத்து 2 நாள் வைட்டமின்-ஏ கொடுக்க உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

6 மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதுமா? போதும். மிச்சத்தை ஈரல் சேமித்து வைத்து கொஞ்சம் கொஞ்சமாக செலவழிக்கும்.

அளவு மீறினால் ஆபத்து

சேமிக்கிற குணமே ஆபத்தும்கூட. அதிகமானால் சிறுநீரில் வெளியேறாது. தலைவலி, வாந்தி வரும், ஈரல் கெடும். 2001 நவம்பரில் அசாம் மாநில முகாமில் 2 மில்லி கரண்டிக்கு பதிலாக 5 மில்லி கப் பயன்படுத்தப்பட்டது. ஏராளமான குழந்தைகள் உடல்நலம் பாதிக்கப்பட்டு பெரும் பரபரப்பு ஏற்பட்டது.

கர்ப்பிணிகள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். தினமும் 10 ஆயிரம் யூனிட்டுக்கு மேல் கூடாது. முகப்பருவுக்கு தரும் ஐசோட்ரெடினாயின் மாத்திரையும் இதே குடும்பம்தான். கர்ப்ப காலத்தில் அதை சாப்பிட்டால் குழந்தை ஊனத்துடன் பிறக்கலாம். தோழி சொன்னாள் என்று மருந்து கடையில் கேட்டு வாங்கி விழுங்காதீர்கள்.

இப்போதும் தேவையா?

இதில் விஞ்ஞானிகளிடையே இன்றும் விவாதம் உண்டு. உத்தரபிரதேசத்தில் 10 லட்சம் குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2013-ல் வந்தது. சாவு 4 சதவீதம்தான் குறைந்திருந்தது. தடுப்பூசியும் சாப்பாடும் முன்னேறியதால் பற்றாக்குறை குறைந்துவிட்டது, தேவைப்படும் குழந்தைக்கு மட்டும் கொடுக்கலாம் என்பது ஒரு தரப்பு. சத்து குறைந்த பிள்ளைகள் இன்னும் இருக்கும்போது நிறுத்தக்கூடாது என்பது மறுதரப்பு.

தாய்மார்கள் கவனத்துக்கு

* தேசிய திட்டப்படி 9-வது மாதத்தில் 1 லட்சம் யூனிட், அதாவது 1 மில்லி. ஒன்றரை வயதில் 2 லட்சம் யூனிட். பிறகு 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம். மொத்தம் 9 தவணை.

* தேதியை தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்குங்கள். ஒரு இடத்தில் போட்டுவிட்டு, மறந்துபோய் இன்னொரு இடத்தில் போடாதீர்கள்.

* முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், கேரட், மஞ்சள் பூசணி, முட்டை ஆகியவற்றை தாராளமாக கொடுங்கள். கீரையில் ஒரு ஸ்பூன் எண்ணெய் சேர்த்தால்தான் சத்து உடம்பில் ஒட்டும்.

* பொழுது சாய்ந்ததும் குழந்தை தடுமாறினாலோ, வெள்ளை விழியில் நுரை போன்ற திட்டு தெரிந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை அங்கன்வாடியில் இருந்து ஆள் வந்தால், அட்டையை கையில் எடுத்துக்கொண்டு பிள்ளையோடு கிளம்புங்கள். திருச்சி கிராமத்து தாய்மார்கள் ஓராண்டு வாரம் தவறாமல் பிள்ளைகளுக்கு வாங்கி கொடுத்த மருந்தால் உலகமே கற்றுக்கொண்ட பாடம் இது.