பொறுப்புக்கூறல்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டிருப்பது சாலைக் கடைவீதி. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் இதனை உருவாக்கினார். தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக இங்குக் கடை நடத்தி வருகின்றனர்.

கடையில் பயன்படும் தராசை வணிகர் குறித்த காலத்திற்கு ஒருமுறை அரசு அலுவலரிடம் காட்டிச் சோதித்து, முத்திரை பெற வேண்டும் என்பது சட்டம். சரியாக எடை போடுவது வணிகரின் பொறுப்பு. அந்த எடை சரிதானா என்று பிறர் சோதித்தறிய இடங்கொடுப்பது பொறுப்புக்கூறல். நேர்மையான வணிகரும் தராசைச் சோதனைக்கு வைக்கிறார். எனவே, கணக்குக் கேட்பது குற்றம் சாட்டுவதாகாது.

தனிவாழ்விலும் பொறுப்புக்கூறல் உண்டு. பொருள் வாங்க வீட்டில் 500 ரூபாய் கொடுத்தால், வாங்கியவற்றைச் சொல்லி மீதியைத் திருப்பித் தருகிறோம். பணம் வழியில் தொலைந்துவிட்டால், கேட்கும் முன்னரே உண்மையைச் சொல்கிறோம். ஒப்படைத்தது என்ன, செய்தது என்ன, தவறு நேர்ந்திருந்தால் அதனைச் சரிசெய்யும் வழி என்ன என்னும் மூன்றையும் கூறுவதே முழுமையான விடை.

பொதுவாழ்வில் இக்கடமை மேலும் பெரியது. ஏனெனில், அங்கே ஒப்படைக்கப்படுவது பலருடைய பொருள்.

சாலைக்கு அருகிலுள்ள பத்மநாபசுவாமி கோயில் வரலாறு இதனை விளக்கும். 1750ஆம் ஆண்டு மன்னர் மார்த்தாண்டவர்மர் திருவிதாங்கூர் நாட்டை இறைவனுக்கு அர்ப்பணித்து, 'பத்மநாபதாசர்' என்னும் பெயருடன் ஆட்சி புரிந்தார். இந்நிகழ்வு 'திருப்படித்தானம்' எனப்படும். நாடு தமக்குச் சொந்தமானதன்று, தம்மிடம் ஒப்படைக்கப்பட்டது என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது. ஆயினும், அந்நாளில் மன்னர் தம் மனச்சான்றுக்கே விடை கூறினார். குடிமக்கள் கணக்குக் கேட்பதற்கான சட்டம் அன்று இல்லை.

இன்று நிலை வேறு. 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி அக்கோயில் நிலவறைகளில் உள்ள பொருள்களைக் கணக்கெடுக்கும் பணி தொடங்கியது. 2020ஆம் ஆண்டு சூலை 13ஆம் நாள் அந்நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு வழங்கியது. கோயிலைப் பேணும் அரச குடும்பத்தின் உரிமையை அது ஏற்றுக்கொண்டது. அதே வேளையில், மாவட்ட நீதிபதியின் தலைமையில் நிர்வாகக் குழு அமைக்கவும், கடந்த 25 ஆண்டுக் கணக்குகளைத் தணிக்கை செய்யவும் வழிவகுத்தது. கோயிலோடு தொடர்புடைய அறக்கட்டளை தணிக்கையிலிருந்து விலக்குக் கேட்டபோது, 2021ஆம் ஆண்டு அக்கோரிக்கையை நீதிமன்றம் ஏற்கவில்லை. உரிமை நிலைத்தது; கணக்குக் காட்டும் கடமையும் நிலைத்தது.

குடிமக்கள் ஒவ்வொருவரும் கேள்வி கேட்க 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழி செய்துள்ளது. தெருவில் போடப்பட்ட சாலைக்கு எவ்வளவு செலவாயிற்று என்று ஒருவர் விண்ணப்பித்தால், உரிய அலுவலர் பொதுவாக 30 நாள்களுக்குள் விடையளிக்க வேண்டும்.

பதவி உயர உயர, விடை கூற வேண்டியவர்களின் எண்ணிக்கையும் உயர்கிறது. வீட்டில் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் சிறுவர், நாளை பொதுப்பணத்திற்கும் தயங்காமல் கணக்குக் காட்டுவர்.

அருஞ்சொற்பொருள்
திவான் – மன்னராட்சியில் தலைமை அமைச்சர்
நிலவறை – தரைக்கடியில் அமைந்த அறை
தணிக்கை – கணக்கைச் சரிபார்த்தல்
மனச்சான்று – நன்மை தீமை உணர்த்தும் உள்ளுணர்வு