12.6 என்னும் எண்ணுக்கு எத்தனை பொருள்? மகிழுந்து மின்னளவீடுகளைச் சார்பறிந்து படித்தல்

'பேட்டரி கொங்' என்பது நம் நாட்டுப் பேச்சுவழக்கில் ஒரு முழுத் தீர்ப்பு. காலையில் மகிழுந்து உயிர்பெற மறுத்தால், காரணம் எதுவாயினும், இத்தீர்ப்பே வழங்கப்படுகிறது. மாலைக்குள் புதிய பேட்டரியும் வாங்கப்படுகிறது. கோலா குபு பாருவைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களிலிருந்து பழைய கஞ்சிலிலோ மைவியிலோ நாள்தோறும் பள்ளிக்கும் பணிக்கும் சென்று வரும் குடும்பங்களுக்கு இது சிறு செலவன்று. குறை தீர்ந்தாலாவது செலவைப் பொறுத்துக்கொள்ளலாம். மின்னூட்டும் கருவி பழுதான வண்டியில் பொருத்தப்பட்ட புதிய பேட்டரியோ ஓரிரு நாளில் பழையதைப் போலவே வெறுமையாகி நிற்கும். 'கொங்' என்ற ஒரே சொல் நான்கைந்து வெவ்வேறு நோய்களை மூடி மறைத்துவிடுவதே இதற்குக் காரணம். அவற்றைப் பிரித்தறிய, எவரும் குறைந்த விலையில் வாங்கத்தக்க மல்டிமீட்டர் ஒன்று போதும். ஆனால் அது காட்டும் எண்ணைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு செய்தி. நம் பள்ளி நூல்கள் கற்பிக்கும் 'மின்கலம்' என்பது ஒற்றைக் கலம். மகிழுந்தில் இருப்பது அத்தகைய ஆறு கலங்களின் தொடர். எனவே 'மின்கல அடுக்கு' என்பதே பொருத்தமான தமிழ். இங்குப் பட்டறை வழக்கை ஒட்டிப் 'பேட்டரி' என்றே எழுதுகிறேன். ஆறு என்ற எண்ணை மட்டும் மறவாதிருப்போம். ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட ஒரு கலம் நிறைந்த நிலையில் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறு கலங்களுக்கு 12.6. ஆகவே '12 வோல்ட் பேட்டரி' என்பது பெயரளவே. மெய்யாகவே 12.0 என்று காட்டும் பேட்டரியில் கால்பங்கு மின்னூட்டமே எஞ்சியிருக்கும். பெயரை நம்பி, "பன்னிரண்டு இருக்கிறதே, நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு செய்வோர் பலர்.

மின்னழுத்தம் என்ற கலைச்சொல்லில் உள்ள 'அழுத்தம்' நீரிலிருந்து வந்த உருவகம். இதை விளக்க ஆசிரியர்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோலா குபு பாருவுக்கு அருகிலுள்ள அம்பாங் பெச்சா என்னும் ஊர்ப்பெயருக்கே 'உடைந்த அணை' என்பது பொருள். 1883ஆம் ஆண்டு அங்கிருந்த பழைய அணை உடைந்து ஊரை அழித்தது. ஆங்கிலேய மாவட்ட அதிகாரியும் அதில் உயிரிழந்தார். பின்னர்ச் சுரங்க மணல் ஆற்றை மேடாக்க, வெள்ளம் மீண்டும் மீண்டும் வந்தது. ஊர் மேட்டுநிலத்துக்கு இடம்பெயர்ந்து 'பாரு', அதாவது 'புதியது' என்ற அடையைப் பெற்றது. அணையில் நீர்மட்டத்தின் உயரம் எதுவோ, அதுவே பேட்டரியில் வோல்ட். மட்டம் உயர்ந்திருந்தால் நீர் நிறைந்திருக்கிறது என்று கொள்வோம். ஆனால் அணையின் அடியில் மணல் படிந்திருந்தால்? மட்டம் உயரமாகவே தெரியும். மதகைத் திறந்தால் சற்று நேரத்தில் வறண்டுவிடும். முதிர்ந்த பேட்டரியின் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட்டு இறுகிப் படிவதும் இதைப் போன்றதே. அது ஓய்வில் 12.6 காட்டலாம், பொறியைச் சுழற்றும்போது கைவிட்டுவிடும்.

எனவே எண்ணை மட்டும் படித்தால் போதாது. அது எந்த நிலையில் எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இதில் தமிழ் மாணவர்க்குப் புதுமை ஒன்றுமில்லை. பல பொருள் தரும் ஒரு சொல்லின் பொருளை அதனோடு வரும் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளிய வேண்டும் என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் வகுத்துள்ளது. 'மா' பூத்தது என்றால் மரம். ஓடியது என்றால் விலங்கு. 12.6 என்பதும் அத்தகையதே. பொறி ஓய்ந்திருக்கையில் அது நிறைவு. பொறி ஓடிக்கொண்டிருக்கையில் அதுவே பெரும்பாலும் ஆபத்தின் அறிகுறி.

முதல் நிலை, ஓய்வு. வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து, இயன்றால் மறுநாள் விடியலில், பேட்டரியின் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். ஓடி முடித்த உடனே அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய மின்னூட்டம் பொய்யான உயர்வைக் காட்டும். காத்திருக்க இயலாதவர் முகப்பு விளக்குகளை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தபின் அளக்கலாம். 12.6 முதல் 12.8 வரை நிறைவு; 12.4 முக்கால், 12.2 பாதி, 11.8க்கு வந்துவிட்டால் வெறுமை என்றே கொள்ளலாம். நிறைவுக்கும் வெறுமைக்கும் இடையே ஒரு வோல்ட்தான் இருக்கிறது. ஆதலால் பதின்மப் புள்ளிக்குப் பின்வரும் இலக்கத்தை உதறிவிட்டுப் படிப்பது, சொல்லின் ஈற்றெழுத்தை உதறிவிட்டுப் படிப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாம் நிலை, பொறியைச் சுழற்றும் அந்தச் சில நொடிகள். ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியரை ஒரே மூச்சில் இழுக்கும். அளவு சட்டென இறங்குவது இயல்பு. பத்துக்கு மேல் நின்றால் கவலையில்லை. நன்கு மின்னூட்டப்பட்ட பேட்டரி 9.6க்கும் கீழே விழுந்தால் மணல் படிந்த அணையை நினைத்துக்கொள்க. அதற்குமுன் முனைகளில் வெண்பச்சைப் பூஞ்சைபோல் படிந்துள்ள அரிப்பைத் துடைத்து, கவ்விகளை இறுக்கிப் பார்ப்பது நன்று. புதிய பேட்டரி வாங்கியவுடன் 'சரியாகிவிட்ட' வண்டிகளுள் சில, உண்மையில் கவ்வி இறுகியதால் சரியானவையே.

மூன்றாம் நிலை, பொறியின் ஓட்டம். இப்போது வண்டிக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி. நீர் மேட்டிலிருந்தே பள்ளத்துக்குப் பாயும். ஆகவே பேட்டரிக்குள் மின்சாரத்தைத் திரும்பச் செலுத்த, மின்னாக்கியின் அழுத்தம் பேட்டரியின் அழுத்தத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும். 13.8 முதல் 14.5 வரை காட்டுவது நலம். விளக்குகளையும் குளிரூட்டியையும் இயக்கிய பின்னும் 13.3க்கு மேல் நிற்க வேண்டும். 12.6இல் தொடங்கி நிமிடத்துக்கு நிமிடம் குறைந்துகொண்டே போனால், வண்டி தன் சேமிப்பைத் தின்று ஓடுகிறது என்று பொருள். பதினைந்தைத் தாண்டினாலும் நலமன்று. அழுத்தச் சீராக்கி பழுதாகி அமிலத்திலுள்ள நீர் வற்றும், சில வேளை அழுகிய முட்டை நாற்றமும் எழும். அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் கணினியே தேவைக்கேற்ப அழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. அவற்றை ஒரே அளவீட்டைக் கொண்டு பழித்துவிடக் கூடாது. சற்று நேரம் ஓட்டி, பலமுறை பார்க்க வேண்டும்.

முகப்புப் பலகையில் எரியும் சிவப்புக் குறி மேலும் குழப்பம் தருவது. படம் காட்டுவது பேட்டரியை. குறி சொல்வதோ மின்னூட்டம் நடைபெறவில்லை என்பதை. குறியீட்டின் வடிவத்தையே பொருளாகக் கொள்ளும் பிழைக்கு வகுப்பறையில் இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அந்தப் படத்தை நம்பிப் பேட்டரியை மாற்றுவோர், கடிதம் வரவில்லை என்று அஞ்சல் பெட்டியை மாற்றுவோரைப் போன்றவர். இன்னொரு பழக்கத்தையும் கண்டிக்க வேண்டும். பொறி ஓடும்போதே பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, வண்டி நிற்கிறதா என்று மின்னாக்கியைச் சோதிப்பார்கள். பழைய வண்டிகளில் அது பொறுத்துப்போனது. இன்றோ அக்கணத்தில் எழும் அழுத்தப் பாய்ச்சல் மின்னாக்கியின் டையோடுகளையும் வண்டியின் கணினியையும் எரித்துவிடக் கூடும். மல்டிமீட்டர் இருக்க இந்தச் சூதாட்டம் எதற்கு?

அளவீடு வெறும் சிக்கனத்துக்காக மட்டுமன்று. கோலா குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர்; வளைவும் மூடுபனியும் நிறைந்த சாலையில் ஒரு மணி நேரப் பயணம். சிறிய வண்டியின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி அளவினது. மழையிரவில் முகப்பு விளக்குகள், துடைப்பான்கள், காற்றாடி, எரிபொருள் பம்பு எல்லாம் சேர்ந்து 25 ஆம்பியர் வரை இழுக்கலாம். தாளில் வகுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆனால் ஈயப் பேட்டரி விரைந்து இழுக்கப்படும்போது தன் முழுக் கொள்ளளவைத் தருவதில்லை. முற்றிலும் வறளும் முன்பே பொறி தடுமாறும். பாதி நிறைந்த பேட்டரியோடு புறப்பட்டவர்க்கு அரைமணி நேரம் கிடைத்தாலே பெரிது.

வழியில் அச்சிவப்புக் குறி எரிந்தால் பொறியை அணைத்துப் பார்க்கக் கூடாது; மறுபடி சுழற்ற வலிமை இராது. குளிரூட்டியையும் வானொலியையும் நிறுத்திவிட்டு, விளக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஆள் நடமாட்டமுள்ள இடத்தை நாடிச் செல்ல வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு. பல வண்டிகளில் மின்னாக்கியைச் சுழற்றும் பட்டையே குளிர்நீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. குறி எரிவதோடு வெப்பமானியின் முள்ளும் ஏறினால் பட்டை அறுந்திருக்கலாம். அப்போது பாதுகாப்பான ஓரம் கண்டவுடன் பொறியை நிறுத்திவிட வேண்டும்.