ஈற்றிலக்கத்தின் பெறுமதி

இரசாயனவியலைப் பயிலத் தொடங்கும் மாணவர் பலர் அலகு மாற்றம், மூல் கணக்கு, பொருளுடை இலக்கங்கள் என்னும் மூன்றையும் பரீட்சையின்பொருட்டு விதிக்கப்பட்ட தண்டனையாகவே கருதுகின்றனர். விடையின் ஈற்றில் நிற்கும் ஓரிலக்கம் இருந்தாலென்ன, போனாலென்ன என்பது அவர்தம் எண்ணம். அத்தகைய ஈற்றிலக்கங்களை விடாது பற்றியதனாற் புதியதொரு மூலகமே வெளிப்பட்ட வரலாறு ஈண்டு நோக்கற்பாலது.

ஆங்கிலேய பௌதிகவியலறிஞர் இரேலி பிரபு நைதரசனின் அடர்த்தியை இரு வழிகளில் அளந்தார். வளியிலிருந்து ஒட்சிசனை நீக்கிப் பெற்ற நைதரசன் ஒன்று. அமோனியாவைத் துணைக்கொண்டு பெற்றது மற்றொன்று. இரண்டும் ஒத்த நிறையினவாதல் வேண்டும். ஆயினும் ஆயிரத்தில் ஒரு பங்களவு வேறுபட்டன. 1892 இல் அவர் இதற்கு விளக்கங் கேட்டு ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார். பிறராயின் பரிசோதனை வழுவென்று தள்ளியிருப்பர். அவரோ வேறுபாட்டைப் பெருக்கிக் காண முயன்றார். அமோனியா முறையில் வளியின் நைதரசனும் கலந்திருந்தது. முற்றுஞ் சேர்வைகளிலிருந்தே நைதரசனைப் பெற்றபோது வேறுபாடு இருநூற்றில் ஒரு பங்காக உயர்ந்தது. அவருடைய கண்ணாடிக் கோளத்தை நிரப்பிய வளி நைதரசன் 2.310 கிராம், சேர்வை நைதரசன் 2.299 கிராம். இவற்றை இரு பொருளுடை இலக்கங்களுக்குச் சுருக்கினால் இரண்டும் 2.3 ஆகும், கண்டுபிடிப்பும் அங்கேயே மறைந்துவிடும்.

மிகுந்த 0.011 கிராமுக்குக் காரணம், 1894 இல் இரேலியும் இராம்சேயும் அறிவித்த ஆகன் என்னும் வாயு. அஃது எத்துணை கலந்திருந்தது? மூல் கொண்டு கணிக்கலாம். நைதரசனின் ஒரு மூல் 28.01 கிராம்; ஆகனின் ஒரு மூல் 39.95 கிராம். 2.299 கிராமை, மூலுக்கு 28.01 கிராம் என்பதால் வகுக்கக் கிராமுங் கிராமும் நீங்கி 0.08208 மூல் எஞ்சும். தவறிப் பெருக்கிய மாணவனுக்குக் கிராமின் வர்க்கமே கிடைக்கும். அலகை எழுதியிருந்தால் வழுவைத் தானே காண்பான். வெப்பநிலையும் அமுக்கமும் மாறாதவிடத்து ஒரே கோளம் எவ்வாயுவாயினும் ஏறக்குறைய அத்தனை மூலையே கொள்ளும். ஒரு மூல் நைதரசனின் இடத்தை ஒரு மூல் ஆகன் கொள்ளின் நிறை 11.94 கிராம் மிகும். எனவே 0.011 கிராம் மிகுவதற்கு ஏறத்தாழ 0.00092 மூல் ஆகன் வேண்டும்.

இடையில் எவ்விலக்கத்தையுஞ் சுருக்காது நூற்றுவீதங் கண்டால் கணிப்பான் 1.1224 எனக் காட்டும். எழுதத்தக்கது 1.1 மட்டுமே. நிறுத்தற் பெறுமானங்கள் நான்கிலக்கமுடையன என்பது உண்மையே. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தபோது இரண்டிலக்கங்களே எஞ்சின. 0.011 இல் முன்னிற்கும் பூச்சியங்கள் தானத்தைக் காட்டுவனவன்றி அளவீட்டைச் சேர்ந்தனவல்ல. மாணவர் பெரிதும் இடறுமிடம் இக்கழித்தலே. இன்றைய அளவீடு ஏறக்குறைய 1.2, இரேலியின் எண்ணோடு அது முரண்படவில்லை, ஐயத்துக்குரிய ஈற்றிலக்கத்தளவிலேயே வேறுபடுகின்றது.

இக்கண்டுபிடிப்புக்கு நெடுங்காலம் முன்னரே, 1785 இல், கவெண்டிசு வளியின் நைதரசனை மின்பொறியால் ஒட்சிசனோடு சேர்த்து அகற்றியபோது ஒரு சிறு குமிழி அகலாது நின்றது. அது நைதரசனில் நூற்றிருபதில் ஒரு பங்குக்கு மேற்படாதென அவர் குறித்துவைத்தார். நூறாண்டுக்கு மேலாக அக்குமிழி அவர் கட்டுரையிலேயே கிடந்தது.