வலிப்பு நீடித்தால் மூளை காத்திராது

வெள்ளவத்தையில் காலி வீதியோரத்திலாயினும் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டு முற்றத்திலாயினும் ஒருவர் வலிப்புக் கண்டு விழுந்தால் நடப்பது ஒன்றேதான். கூட்டம் கூடுகின்றது, கையில் வைக்க இரும்புச் சாவி தேடப்படுகின்றது, ஒருவர் வாயைத் திறக்க முயல்கின்றார். கடிகாரத்தை மாத்திரம் எவரும் பார்ப்பதில்லை. ஆனால் அந்நோயாளியின் மூளையைக் காப்பதற்கான முதற் கருவி அக்கடிகாரமே.

பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அடங்காதவையே ஆபத்தானவை. உடல் முழுவதும் உதறும் வலிப்பு 5 நிமிடங்களைக் கடந்தால் அது தானாக நிற்கும் வாய்ப்புக் குறைவு. 30 நிமிடங்களைக் கடந்தால் நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம். வலிப்பு நோய்க்கு எதிரான சர்வதேச அமைப்பு 2015 ஆம் ஆண்டில் வகுத்த எல்லைகள் இவை.

வலிப்பின்போது மூளைக் கலங்களைத் தூண்டும் குளுட்டமேட் என்னும் பொருள் அளவுக்கு மீறிச் சுரக்கின்றது. அதனால் கல்சியம் கலங்களினுள் பெருகிப் புகுந்து அவற்றை அழிக்கின்றது. நினைவாற்றலுக்கு ஆதாரமான பகுதியே இதில் பெரிதும் பாதிக்கப்படுகின்றது. மூச்சுத் தடைப்படுவதால் மட்டுமே இச்சேதம் ஏற்படுகின்றது என எண்ணுவது தவறு. 1973 இல் பிரையன் மெல்ட்ரமும் அவரது சகாக்களும் பபூன் குரங்குகளுக்குச் செயற்கைச் சுவாசம் அளித்து, தசை உதறலையும் தடுத்து ஆராய்ந்தனர். அப்போதும் நீடித்த வலிப்பு மூளைக் கலங்களை அழித்தமை தெரியவந்தது.

வலிப்பை அடக்கும் டயசிபாம், லொரசிபாம், மிடசோலம் ஆகிய மருந்துகள் மூளையின் ‘தடுப்பு’ ஏற்பிகளின் மீது செயற்படுகின்றன. வலிப்பு நீள நீள அவ்வேற்பிகள் கலத்தின் மேற்பரப்பிலிருந்து உள்வாங்கப்படுகின்றன. ஆகவே தாமதித்துக் கொடுக்கும் மருந்தின் பலன் குன்றுகின்றது. 2012 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், அம்புலன்ஸ் ஊழியர்கள் தசையில் மிடசோலம் ஏற்றியவர்களுள் 73 சதவீதமானோர் வைத்தியசாலையை அடையும்போது வலிப்பு அடங்கியிருந்தனர். நாளத்தினூடாக லொரசிபாம் பெற்றோரில் இது 63 சதவீதமே. நாளத்தைத் தேடும் நேரம் மிச்சமானமையே இதன் சிறப்பு. மறுபுறம், உடலைக் குளிர்வித்து மூளையைக் காக்கும் முயற்சி 2016 இல் பிரான்ஸில் பரிசோதிக்கப்பட்டபோது குறிப்பிடத்தக்க பலன் கிட்டவில்லை. வலிப்பை விரைந்து நிறுத்துவதே மூளைக்கான மிகச்சிறந்த பாதுகாப்பு.

இந்நிலையில் நாம் செய்ய வேண்டியது யாது? நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். நோயாளியைப் பக்கவாட்டில் சரித்து, தலையின் கீழ் மென்மையான துணியை வைக்க வேண்டும். வாயில் எதனையும் திணிக்கவோ, கைகால்களை அழுத்திப் பிடிக்கவோ கூடாது. 5 நிமிடத்தில் அடங்காவிடினும், நினைவு திரும்புமுன் மீண்டும் வலிப்பு வந்தாலும், 1990 இலக்கத்தை உடனே அழைக்க வேண்டும். முதன்முறையாக வலிப்புக் கண்டவர், கர்ப்பிணி ஆகியோருக்கு அந்த 5 நிமிடமும் காத்திருத்தல் ஆகாது. 2016 இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் நாடெங்கும் விரிவடைந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை. உதறல் நின்ற பின்னரும் நினைவு திரும்பாவிடின், மூளையினுள் வலிப்புத் தொடர்ந்துகொண்டிருக்கக் கூடும் என்பதையும் மறத்தலாகாது.

நீடித்த வலிப்புக்கு முக்கிய காரணங்களுள் ஒன்று மருந்தை இடைநிறுத்துவதாகும். திருமணப் பேச்சுக்கு அஞ்சி மறைப்போரும், சுகமாகிவிட்டது என எண்ணித் தாமாகவே நிறுத்துவோரும் நம் மத்தியில் உள்ளனர். விரத நாட்களிலும் ரமழான் நோன்பிலும் வேளை தவறவிடுவோரும் உள்ளனர். நோயாளிகளுக்கு நோன்பில் மார்க்கமே சலுகை அளித்துள்ளது. மருந்து வேளைகளை மாற்றியமைப்பது குறித்து வைத்தியரை முன்கூட்டியே கலந்தாலோசித்தல் நன்று.

வலிப்பு வெட்கப்பட வேண்டியதோர் இழுக்கன்று, தெய்வக் குற்றமுமன்று. அதனை மறைக்கும் வீட்டில் அவசர வேளையில் உதவத் தெரிந்தவர் எவரும் இருக்க மாட்டார். சாவியைத் தேடும் கைகள் இனித் தொலைபேசியைத் தேடட்டும்.