உங்களுக்குத் தெரியுமா? கேமிங் எப்போது நோயாகிறது?

பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் போன்ற செல்போன் ஆட்டங்களில் நால்வர் சேர்ந்து ஓர் அணியாகலாம். ஹெட்போன் மாட்டிப் பேசிக்கொண்டே ஆடுவார்கள். நடுவில் ஒருவன் எழுந்துபோனால் மற்ற மூவரும் தோற்கக்கூடும். 'சாப்பிட வாடா' என்று அம்மா எத்தனை முறை கூப்பிட்டாலும் பையன் அசையாததற்கு இந்த நட்புக் கட்டாயமும் ஒரு காரணம். அது நோயல்ல.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 'கேமிங் கோளாறு' அதில் இடம்பெற்றுள்ளது. ஆட்டத்தைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளுதல், கெடுதல் நேர்ந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக 12 மாதங்களாவது நீடித்து, படிப்பையோ குடும்ப உறவையோ கடுமையாகக் குலைத்தால்தான் அந்தப் பெயர். எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பது மட்டும் அளவுகோல் அல்ல.

பாகலூர், ஓசூர் பகுதிக் குடும்பங்களுக்கு உதவி அருகிலேயே இருக்கிறது. பெங்களூருவில் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம், இத்தகைய பழக்கங்களுக்கென்றே 2014இல் 'ஷட்' சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதல். போனைப் பிடுங்கிச் சண்டை வளர்ப்பதைவிட ஆலோசனை கேட்பது நல்லது. அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம்.