குரல் பிரிந்தது, முகம் மாட்டிக்கொண்டது

தமிழ் சினிமா நாயகியின் முக இலக்கணத்தை எழுதியவர்கள் யார்?

இயக்குநர் ஸ்ரீதர் 'வெண்ணிற ஆடை' படத்துக்காகப் புதுமுகங்களைத் தேடிக்கொண்டிருந்த நேரம். பரதநாட்டியம் தெரிந்த ஓர் இளம்பெண் தேர்வாகி, பிறகு நீக்கப்பட்டார். ஒல்லியாக இருக்கிறார், நட்சத்திரக் களை இல்லை என்பது அப்போது சொல்லப்பட்ட காரணம். 1965-இல் படம் வெளிவந்தது. ஜெயலலிதா, நிர்மலா இருவரும் அதில் அறிமுகமானார்கள். நீக்கப்பட்டவர் மூன்றே ஆண்டுகளில் ராஜ்கபூருக்கு ஜோடியாக இந்தித் திரைக்குப் போனார். விளம்பரத்திலேயே அவருக்கு 'ட்ரீம் கேர்ள்' என்று பட்டம் கட்டினார்கள். அவர்தான் ஹேமமாலினி.

கோடம்பாக்கத்தில் அன்று குறையாகப்பட்ட ஒல்லி உடம்புதான் இன்று நாயகியாவதற்கு முதல் நிபந்தனை. இந்தத் தலைகீழ் மாற்றத்துக்குக் காரணம் கேட்டால், "ரசிகர்களின் ரசனை மாறிவிட்டது" என்று சினிமாக்காரர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். தொண்ணூறு ஆண்டுத் தமிழ்ப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது பாதி உண்மைகூட இல்லை. நாயகியின் முகம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ரசிகர் முடிவுசெய்ததைவிட, பிலிம் சுருளும் விளக்கும் ஒலிப்பதிவுக் கூடமும் முடிவுசெய்ததே அதிகம். அதிலும், நடிகையின் குரலை முகத்திலிருந்து பிரித்தெடுத்த ஒவ்வொரு முறையும் முகத்தின் மீதான கெடுபிடி ஒரு படி ஏறியிருக்கிறது.

தொண்டைதான் தகுதி

1931-இல் வந்த 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி.பி.ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். 1935-இல் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராகவே, ஆண் வேடத்தில் நடித்தார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது மலைக்கவைக்கும் தொகை. படப்பிடிப்பில் பாடிக்கொண்டேதான் நடிக்க வேண்டும் என்பதால் சாரீரம் உள்ளவருக்கே வாய்ப்பு. மூக்கு எடுப்பாக இருக்கிறதா, பல்வரிசை நேராக இருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1938-இல் ஏவி.மெய்யப்பனின் 'நந்தகுமார்' பின்னணிப் பாடலைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. 1947-இல் 'நாம் இருவர்' வந்தபோது குமாரி கமலா ஆட, டி.கே.பட்டம்மாள் பாடினார். அற்புதமான சேர்க்கை அது. ஆனால் ஒரு கணக்கும் அங்கே மாறிப்போனது. பாட்டை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஆனபின், நடிக்க வருபவரிடம் பார்ப்பதற்கு முகமே முதலிடத்துக்கு வந்தது.

கறுப்பு வெள்ளையின் கருணை

அப்படி வந்தும் அந்த நாள் முகங்கள் ஒரே அச்சில் வார்த்தவையாக இல்லை. தமிழ்த் திரையின் முதல் கனவுக்கன்னி என்று பெயர் வாங்கிய டி.ஆர்.ராஜகுமாரி கறுத்த நிறமுடையவர். 1941-இல் 'கச்ச தேவயானி', 1944-இல் 'ஹரிதாஸ்' என்று ஏறிய அவருடைய கொடி எந்த நிறத்தாலும் இறங்கவில்லை. 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். கறுப்பு வெள்ளைப் படத்தில் எல்லாத் தோலும் சாம்பலின் ஏதோ ஒரு சாயல்தான். அந்தச் சாயலைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒப்பனைக்காரர், ஒளிப்பதிவாளர் கையில் இருந்தது.

நிறம் பின்னுக்குப் போனதால் முகத்தின் அசைவு முன்னுக்கு வந்தது. சாவித்திரியின் முகம் பூசினாற்போன்ற வட்ட முகம். 'பாசமலர்' படத்தில் அந்தக் கன்னங்களும் உதட்டோரமும் துடிக்கும் நெருக்கக் காட்சிகளைப் பார்ப்பவர்களுக்கு, அது கூர்மையான முகமாக இருந்திருக்கலாமே என்று தோன்றுவதில்லை. பத்மினியின் விரிந்த கண்கள் நாட்டியக்காரியின் கண்கள். சரோஜாதேவிக்குக் கொஞ்சலும், கண்ணோரம் நீட்டி எழுதிய மையும். கே.ஆர்.விஜயாவுக்குச் சிரிப்பே பட்டமாகி 'புன்னகை அரசி' ஆனார். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் என்று மயங்க வழியே இல்லை.

கலர் கொண்டுவந்த கஷ்டம்

1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முழுநீளக் கலர் படமாக வந்தது. அறுபதுகளில் ஈஸ்ட்மென் கலர் பழகிப்போனது. கலர் பிலிமுக்கு ஒரு பிறவிக் கோளாறு உண்டு. படங்களை அச்சிடும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் அனுப்பிவந்த மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி கார்டு' என்று தொழிலில் அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த தோல் விவரமில்லாமல் இருண்டு போவதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக விழவில்லை என்று சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளும் முறையிட்ட பிறகுதான் பிலிமின் தரத்தில் கவனம் திரும்பியது என்பது புகைப்பட வரலாற்றில் பதிவான செய்தி.

மாநிற முகங்களைக் கலரில் எடுக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கனமாகப் பான்கேக் பூசி விளக்குகளை முகத்தில் கொட்டுவது. பெரும்பாலோர் அதைத்தான் செய்தார்கள். இரண்டாவது, அந்தத் தோலுக்கு ஏற்ற ஒளியைத் தேடுவது. பாலுமகேந்திரா இரண்டாவது வழியில் போனார். மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' படத்தில் (1978) ஷோபாவையும், தாமே இயக்கிய 'வீடு' படத்தில் அர்ச்சனாவையும் அவர் ஜன்னல் வெளிச்சத்திலும் வெயில் சாய்ந்த பொழுதிலும் நிறுத்தினார். துரை இயக்கிய 'பசி'க்காக ஷோபாவும், 'வீடு' படத்துக்காக அர்ச்சனாவும் தேசிய விருது பெற்றார்கள். கே.பாலசந்தர் அறிமுகப்படுத்திய சரிதாவோ கறுத்த நிறம், பெரிய கண்கள், பருத்த கன்னம் என்று அன்றைய அளவுகோல் எதற்கும் அடங்காமல் முன்னணிக்கு வந்தார். மூவரையும் தமிழ்நாடு தலையில் வைத்துக் கொண்டாடியது. ரசிகர்கள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

சரிதாவின் குரலில் இன்னொரு முகம்

எண்பதுகளின் கடைசியில் குஷ்பு வந்தார். கொழுகொழு கன்னத்துக்காகத் திருச்சியில் கோயிலும், பஞ்சுபோன்ற இட்லிக்கு அவர் பெயரும் கிடைத்தன. அந்த இட்லி ஆறுவதற்குள் காற்று திசை மாறியது. 1994-இல் இந்தியப் பெண்கள் இருவர் பிரபஞ்ச அழகி, உலக அழகி பட்டங்களை வென்றார்கள். செயற்கைக்கோள் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்தது. மும்பை விளம்பர மாடல்கள் கோடம்பாக்கத்தில் இறங்கினார்கள். 1997-இல் சிம்ரன் வந்தபின், நாயகியின் இடை அளவு தமிழ்நாட்டில் பேசுபொருளே ஆகிவிட்டது.

மொழி தெரியாத முகங்களுக்கு இந்த வாசலைத் திறந்துவிட்டது டப்பிங். பாட்டுக் குரல் முன்பே பிரிந்துவிட்டது. இப்போது பேச்சுக் குரலும் பிரிந்தது. வசனம் பேச உள்ளூரில் ஆள் இருக்கும்போது, நாயகிக்குத் தேவை பளிச்சென்ற முகம் மட்டுமே. சிம்ரனுக்கும் ஜோதிகாவுக்கும் பல படங்களில் குரல் கொடுத்தவர் சவிதா ரெட்டி. நக்மா, சௌந்தர்யா உள்ளிட்ட பலருக்குக் குரல் கொடுத்தவர் வேறு யாருமல்ல, சரிதா. திரையில் முகத்துக்கு இடம் குறைந்துபோன நடிகையின் நடிப்பு, வெளுத்த முகங்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது. தமிழ் சினிமாவின் அழகுக் கணக்கில் உள்ள பிசகை இதைவிடப் பச்சையாகக் காட்டும் இன்னொரு சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆணுக்கு ஒரு தராசு

கறுப்பு என்றால் தமிழனுக்கு ஆகாது என்று சொல்லவும் முடியாது. ரஜினிகாந்த், விஜயகாந்த், முரளி, தனுஷ், விஜய் சேதுபதி என்று நாயகர்களின் வரிசையைப் பாருங்கள். 2000-இல் 'வெற்றிக் கொடி கட்டு' படத்தில் ஒரு பெண் குரல் கறுப்பு நிறத்தை வரிக்கு வரி புகழ்ந்த பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. புகழப்பட்டது ஆணின் கறுப்பு. 2007-இல் 'சிவாஜி' படத்தில் நாயகன் வெளுக்கப் படாதபாடு படுவதை நகைச்சுவையாக வைத்தார்கள். ஒரு பாட்டில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மூலம் ரஜினியை வெள்ளைக்காரத் தோலுடன் காட்டினார்கள். கொட்டகை சிரித்தது. நாயகனுக்கு வேடிக்கையாகப் போன அதே நிறம் நாயகிக்குத் தகுதிக் குறைவு. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்ற வீட்டுப் பேச்சில் வருகிற அந்த 'இருந்தாலும்', நடிகைத் தேர்வு நடக்கும் அறைக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

இதன் பின்னால் வியாபாரமும் உண்டு. 1975-இல் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி', வெளுப்பு இருந்தால் வேலையும் வரனும் தேடிவரும் என்று பல ஆண்டுகள் விளம்பரம் செய்தது. 2009-இல் சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 'அழகி', 'கன்னத்தில் முத்தமிட்டால்' படங்களில் நாம் பார்த்த நந்திதா தாஸ் பிறகு அதன் முகமானார். 2020-இல் அந்தக் கிரீம் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை உதிர்த்தது. சரக்கு கடையில் தொடர்கிறது.

திரைக்குள் நடக்கும் இன்னொரு விநோதம் கறுப்பு மை. கதைக்குக் கறுத்த பெண் வேண்டுமென்றால் வெளுத்த நடிகைக்குச் சாயம் பூசுகிறார்கள். 'பரதேசி'யில் வேதிகாவுக்கும், 'ஜெய் பீம்' படத்தில் லிஜோமோளுக்கும் அது நடந்தது. இருவரின் உழைப்பும் பாராட்டுக்குரியதுதான். ஆனால் கறுத்த பெண்ணின் கதையைச் சொல்லும்போதுகூட ஒரு கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைப்பதில்லை என்பது உறுத்தத்தானே செய்யும்?

குரலோடு திரும்பிய முகங்கள்

கடந்த பத்தாண்டுகளில் ஒரு நல்ல மாறுதல் தெரிகிறது. 2015-இல் 'பிரேமம்' என்ற மலையாளப் படத்தில் சாய் பல்லவி கன்னத்துப் பருக்களோடு வந்தார். மொழி தெரியாத சென்னை இளைஞர்கள் அந்தப் படத்தை மாதக்கணக்கில் ஓடவைத்தார்கள். பின்னர் முகப்பொலிவுக் கிரீம் விளம்பரம் ஒன்றை அவர் மறுத்தது செய்தியானது. அதே 2015-இல் 'காக்கா முட்டை' படத்தில் இரண்டு பிள்ளைகளின் தாயாக நடித்த ஐஸ்வர்யா ராஜேஷ், நிறத்தைக் காட்டித் தன்னை நாயகியாக ஏற்க மறுத்தவர்களைப் பற்றி மேடையிலேயே பேசியிருக்கிறார். சுருள்முடியும் வட்ட முகமுமாக 'திருச்சிற்றம்பலம்' படத்தில் நடித்த நித்யா மேனன் தேசிய விருது வாங்கினார். மூவருக்கும் ஒரு பொது அம்சம் உண்டு. தமிழைச் சொந்தக் குரலில் பேசுகிறவர்கள். பேச்சும் முகமும் ஓர் ஆளிடமே இருக்கும்போது நாம் பார்ப்பது ஒரு மனுஷியை. அங்கே பருவும் நிறமும் குறையாகத் தெரிவதில்லை.

ஆனால் தொழில்நுட்பம் அடுத்த நிபந்தனையைக் கையில் வைத்திருக்கிறது. டிஜிட்டல் கேமரா தோலின் ஒவ்வொரு துளையையும் காட்டுகிறது. அதைக் கம்ப்யூட்டரில் மெழுகிச் சமமாக்கும் வேலையும் கூடவே வளர்ந்துவிட்டது. செல்போன் ஃபில்டர் காட்டும் முகத்தை ஊசி போட்டு வாங்கிக்கொள்ளும் பழக்கம் உலகமெங்கும் பரவுகிறது. பருத்த உதடு, இழுத்துவைத்த நெற்றி, கூரிய தாடை என்று ஊருக்கு ஊர் ஒரே முகம். அழகைப் பற்றிய சண்டையை விடுங்கள். நெற்றி சுருங்காத நடிகையால் கவலையை எப்படிக் காட்ட முடியும்?

நிறத்தில் கொஞ்சம் இறங்கிவந்த தமிழ் சினிமா வயதில் இன்னும் இறங்கவில்லை. '36 வயதினிலே' ஜோதிகாவும் 'அசுரன்' மஞ்சு வாரியரும் வெற்றிபெற்ற பிறகும், அறுபது தாண்டிய நாயகனுக்கு இருபதுகளில் இருக்கும் ஜோடியைத் தேடும் பழக்கம் போகவில்லை. நரைத்த தாடியை 'ஸ்டைல்' என்று விற்கத் தெரிந்தவர்கள், நாயகியின் கண்ணோரத்து இரண்டு கோடுகளுக்கு மட்டும் ரசிகர் மேல் பழிபோடுகிறார்கள். சரிதாவை ஏற்ற ரசிகர், ஷோபாவை ஏற்ற ரசிகர் இதையும் ஏற்பார். அவரிடம் யாரும் இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.