நஞ்சு பரவும் வேளையில் நம்பத்தகுந்த சொல்

வட்டக்கோட்டையின் மதில்மேல் நின்று கடலைப் பார்க்கும் நாம், தொலைவில் செல்லும் கப்பலில் என்ன சரக்கு உள்ளது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. 2025 மே 25 அன்று எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியபோது அக்கேள்வி நம் கரைக்கே வந்தது. அதிலிருந்த 640 கொள்கலன்களுள் 13 அபாயகரமான சரக்கைக் கொண்டவை. அவற்றுள் 12-இல் கால்சியம் கார்பைடு இருந்தது. சில நாள்களில் பிளாஸ்டிக் மணிகள் குமரி மாவட்டக் கடற்கரைகளில் ஒதுங்கின.

கேரளத்தில் அன்று மக்களுக்குக் கூறப்பட்டவை மூன்றே: கரை ஒதுங்கும் பொருளைத் தொடாதீர்கள், 200 மீட்டர் விலகி நில்லுங்கள், 112-ஐ அழையுங்கள். குழந்தைக்கும் விளங்கும் சொற்கள் இவை. கார்பைடு நீருடன் சேர்ந்தால் எளிதில் தீப்பற்றும் அசெட்டிலீன் வாயு உண்டாகும் என்ற காரணத்தையும் அறிந்தவர், அறிவுரையை மீறத் துணியமாட்டார்.

சொல் வராமற்போனால் என்ன நேரும் என்பதற்குப் போபால் சான்று. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் மீதைல் ஐசோசயனேட் கசிந்தபோது, ஈரத்துணியால் முகத்தை மூடுங்கள் என்னும் எளிய செய்திகூட மக்களை எட்டவில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோதும், பெரியகுப்பம் மக்களை எழுப்பியது மூச்சை அடைத்த நெடியே.

ஆகவே, சில செய்திகளை முன்பே மனத்தில் இருத்துவோம். வீட்டுக்குள் இருக்குமாறு அறிவித்தால், கதவு சன்னல்களை அடைத்து, ஏசியையும் மின்விசிறியையும் நிறுத்தி, கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகுங்கள். வெளியேறச் சொன்னால், நெடி வரும் திசைக்கு எதிரே ஓடாமல், காற்றுக்குக் குறுக்காக விலகிச் செல்லுங்கள். ஆஸ்துமா நோயாளிகள் தங்கள் இன்ஹேலரை உடன் எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடலில் இரசாயனம் பட்டால் உடைகளை உடனே களைந்து, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டுங்கள். பொடியாயின் முதலில் உலர்ந்த துணியால் தட்டி நீக்கி, பின்னர் மிகுந்த நீரால் கழுவுங்கள். கண்ணைக் கசக்காமல் குறைந்தது 15 நிமிடம் நீர்விட்டு அலசுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள்.

மருத்துவமனைக்கு வந்தால் வாயிலிலேயே செய்தியைச் சொல்லுங்கள். எங்கே, எப்போது, என்ன நெடி, என்ன நிறம் என்பவை மருத்துவருக்கு உதவும். உள்ளே அழைக்குமுன் உங்களைக் கழுவச் சொன்னால் அதை அவமதிப்பாகக் கருதவேண்டாம். உடையில் ஒட்டிய நஞ்சு படுக்கையில் கிடக்கும் மற்றொரு நோயாளியையும், உங்களைத் தாங்கி வந்த உறவினரையும் தாக்கக்கூடும்.

அவ்வேளையில் வாட்ஸ்அப்பில் வரும் குரற்பதிவு எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் பிறருக்கு அனுப்பாதீர்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, ஆம்புலன்சுக்கு 108 ஆகிய எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. அறிந்ததை விரைந்து சொல்வோம்; அறியாததை அறியோம் என்போம்; அடுத்த செய்தி எப்போது என்பதையும் கூறுவோம். அச்சத்தில் வாயிலில் காத்துநிற்கும் குடும்பத்துக்கு மருந்தைப்போலவே உண்மையும் தேவை என்பதை நாங்கள் மறவோம்.